நுரையீரல் போன ஆர்வில்

ஒட்டு மீசையும் சாக்ஸபோனும் ஒத்துப்போகாது என்பது மேடையேறிய பிறகுதான் ஆர்விலுக்குத் தெரிந்தது.

ஒவ்வொரு மூச்சுக்கும் மீசையின் இடது பாதி எழுந்து நின்றது. மேலுதட்டைச் சுழித்து அதைத் திரும்ப ஒட்டிக்கொண்டான். சாக்ஸபோன்காரர்கள் முன்வரிசையில் உட்காருவதுதான் முறை. அவன் கெஞ்சிக் கூத்தாடி, குண்டு டிராம்போன்காரனின் முதுகுக்குப் பின்னால் இடம் வாங்கியிருந்தான்.

மேடையின் இந்தப் பாதியில் கிரேடியின் பேண்டு. அவன் புதிதாகச் சேர்ந்த இடம். அந்தப் பாதியில் லெமுவேல் ஸ்டோக்ஸின் பேண்டு. அவன் விட்டு ஓடிவந்த இடம்.

ஸ்டோக்ஸிடமிருந்து விலகுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. போகிறேன் என்று சொன்னவனைக் கட்டிப்பிடித்து அழுவார். அப்புறம் வீட்டுக்கே வந்து அவன் பெண்டாட்டியிடமும் அழுவார்.

அதனால் ஆர்வில் குறுக்குவழி பிடித்தான். நுரையீரலில் கோளாறு, இனி ஊதினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லிவிட்டான். நாலு முறை இருமியும் காட்டினான். பிறகு ஆற்றின் அந்தக் கரைக்குப் போய் கிரேடியிடம் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. தேவாலயம் முடிந்த கையோடு கன்சாஸ் சிட்டியே இந்த நடன மண்டபத்தில் கூடியிருந்தது. வாசல் சுவரொட்டியில், 'நலம் குன்றிய நம் சகோதரர் ஒருவருக்காக உதவிக் கச்சேரி' என்று மட்டும் போட்டிருந்தது. பெயர் போடுவது இந்த ஊர் வாத்தியக்காரர்களிடம் வழக்கம் இல்லை. உதவி வாங்குகிறவன் நாளைக்குத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டுமே.

ஆர்விலுக்குப் பெயர் தேவைப்படவும் இல்லை. ஊத முடியாமல் போன சகோதரன் ஊரில் வேறு எவன் இருக்கிறான்? யாரிடமாவது கேட்டு உறுதி செய்துகொள்ள அவனுக்கு வாய் வரவில்லை.

உதவிக் கச்சேரிக்கு வர மாட்டேன் என்று எந்த பேண்டும் சொல்லாது. கிரேடியிடம் வேறு சாக்ஸபோன்காரனும் இல்லை. ஆக, தனக்கு நடக்கும் உதவிக் கச்சேரிக்குத் தானே மீசை ஒட்டிக்கொண்டு ஊத வந்திருந்தான்.

எதிரே ஸ்டோக்ஸ் தன் டிரம்பெட்டைத் தொடவே இல்லை. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒற்றைக் கையால் பேண்டை நடத்தினார். தேவாலயத்துப் பெண்கள் அவரைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். ஆர்விலின் பழைய நாற்காலி காலியாகவே கிடந்தது.

பாவி மனுஷன், எனக்காகவா இப்படி உருகுகிறார் என்று ஆர்வில் டிராம்போன்காரனின் முதுகுக்குப் பின்னால் இன்னும் குனிந்துகொண்டான்.

அடுத்து ஸ்டோக்ஸ் பேண்டின் முறை. அந்த உருப்படியை எடுத்தார்கள்.

ஸ்டோக்ஸ் பேண்டில் பார்த்து வாசிக்க இசைக்குறிப்புக் காகிதமே கிடையாது. எல்லாம் தலைக்குள்தான். இந்த உருப்படியில் டிரம்பெட்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரு கேள்வி கேட்கும். ஒற்றை சாக்ஸபோன் எழுந்து நின்று பதில் சொல்லும். பதில் ஆர்விலுடையது. தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் அவன் விரல்கள் அதை வாசித்துவிடும்.

டிரம்பெட்டுகள் கேட்டன.

பதில் வரவேண்டிய இடத்தில் டிரம் மட்டும் தனியாக நடந்து போனது. ஆடிக்கொண்டிருந்த ஜோடிகள் தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறின.

என் இடத்தை வெறுமையாக விட்டு எனக்கு மரியாதை செய்கிறார்கள் என்று ஆர்வில் நினைத்தான். கண் கலங்கியது. கூடவே விரல் நுனிகள் அரித்தன.

டிரம்பெட்டுகள் மறுபடி கேட்டன. மறுபடியும் ஒன்றும் இல்லை. மூக்கு வரை வந்த தும்மல் வெளியே வராமல் நிற்பதுபோல் இருந்தது அவனுக்கு. கைகளைத் தொடைக்கு அடியில் போட்டு அமுக்கிக்கொண்டு நெளிந்தான்.

"என்னய்யா, ஒண்ணுக்கு வருதா?" என்றான் டிராம்போன்காரன்.

மூன்றாவது முறை கேட்டார்கள்.

ஆர்வில் எழுந்து நின்று ஊதிவிட்டான். முழுசாக, வாலும் தலையும் விடாமல், மண்டபத்தின் கடைசிச் சுவர் வரை கேட்கிற மாதிரி. மீசை கழன்று டிராம்போன்காரனின் வழுக்கையில் விழுந்தது.

ஸ்டோக்ஸின் பேண்டு நின்றது. ஸ்டோக்ஸ் மேடையைக் கடந்து அவனை நோக்கி வந்தார். ஆர்வில் இருமிப் பார்த்தான். தொண்டை ஒத்துழைக்கவில்லை.

"அண்ணே, நான் வந்து..."

ஸ்டோக்ஸ் வாயிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். மேல்வரிசையில் முன்பல் ஒன்றுகூட இல்லை.

"என் பல்லு கட்டுறதுக்கு நடக்குற கச்சேரிடா இது! பல்லு போன டிரம்பெட்காரனுக்காக, ஊதினா உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சும் வந்து ஊதுறியே! நான் பார்த்தா தடுத்துருவேன்னு மீசை வேற ஒட்டிக்கிட்டு, அடுத்தவன் பேண்டுல ஒளிஞ்சுக்கிட்டு... உன் இடத்துக்கு இன்னும் ஒருத்தன் கிடைக்கலடா எனக்கு!"

கட்டிப்பிடித்து அழுதார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. கிரேடி மட்டும் தன் சாக்ஸபோன்காரனையே முறைத்துக்கொண்டிருந்தார்.

ஸ்டோக்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆர்விலின் கழுத்தில் மாட்டியிருந்த வாத்தியப் பட்டையை மெல்லக் கழற்றி, சாக்ஸபோனை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இனி இந்த ஊர்ல எவனும் இவனை ஒரு மூச்சு ஊத விடக்கூடாது," என்று இரண்டு பேண்டுக்கும் சேர்த்துச் சொன்னார். "அடுத்த ஞாயிறு கச்சேரி இவனுக்கு."