பாட்டுக்குள் ஓர் ஆள்

பாடகி தில்பாரைக் கல்யாணத்துக்கு அழைத்துப்போக மணமகளின் அண்ணன் ஜசூர் கார் கொண்டுவந்திருந்தான். மர்கிலான் சாலையில் ஏறியதும் அவளுடைய பாட்டையே போட்டான். பாட்டின் நடுவே ஓர் ஆண்குரல் நுழைந்தது. "இலவசப் பாடல்களுக்கு எங்கள் தளத்துக்கு வாருங்கள்."

"யாரு தம்பி இது, என் பாட்டுக்குள்ள?"

"ஓசியில இறக்கினது அக்கா. அந்த ஆளும் கூடவே வந்துடறாரு. பழகிப்போச்சு."

"சந்தையில முலாம்பழத்தை இப்படித் தூக்கிட்டுப் போவியா? தொண்டை கிழியப் பாடறது நானு. சும்மா கேக்கறது நீங்க. திருட்டுக் கும்பல்."

"அழிச்சிடறேன்கா."

"இப்பவே அழி. நான் பாக்கணும்."

ஜசூர் வண்டியை ஓரங்கட்டி அழித்துக் காட்டினான்.

"கோவிச்சுக்காதீங்க. எங்கப்பா உங்களைத்தான் கூப்பிடணும்னு ஒத்தைக்கால்ல நின்னாரு. மத்தவங்கல்லாம் பாட்டை ஓடவிட்டு வாயசைக்கறாங்களாம். நீங்க மட்டும்தான் நெசமாப் பாடுவீங்களாம்."

"உங்கப்பாவுக்காவது வெவரம் இருக்கே."

கல்யாண வீட்டு முற்றத்தில் புலாவ் பரிமாறி முடிந்ததும் தில்பார் மைக்கைப் பிடித்தாள். அதே பாட்டு. பெண்கள் ஆட எழுந்தார்கள். முன்வரிசையில் இருந்த ஜசூரின் அப்பா, ஊரே பார்க்கட்டும் என்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பாதிப் பாட்டில் ஒலிபெருக்கியிலிருந்து ஓர் ஆண்குரல் வந்தது. "இலவசப் பாடல்களுக்கு எங்கள் தளத்துக்கு வாருங்கள்."

ஆடியவர்கள் நின்றுவிட்டார்கள். அப்பா மகனைப் பார்த்தார். ஜசூர் மேடையைப் பார்த்தான்.

தில்பார் கண்களை மூடி லயித்திருந்தாள். அந்த ஆண்குரலுக்கும் அவள் உதடுகள் ஒரு சொல் பிசகாமல் அசைந்தன.