அரியர் பிள்ளையார்

அவர் செருப்பைக் கழற்றினார்.

இந்த ஒன்றைப் பார்க்கத்தான் பாவாயி பத்தொன்பது வருடமாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதே கால். கொஞ்சம் வீங்கியிருந்தது. சர்க்கரையாக இருக்கும். இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும்.

"பூசாரியம்மா, சௌக்கியமா?" என்றார் அர்த்தநாரி.

அடப்பாவி. முகம்கூட ஞாபகமில்லை.

பல்கலைக்கழக மேற்கு வாசலுக்கு எதிரே இருக்கிற மனை முழுக்க அவருடையது. ஒரு காலத்தில் அங்கே பதினோரு லைன் கடைகள். ஜெராக்ஸ், தட்டச்சு, பைண்டிங், தையல். கடைசிக் கடை பாவாயி மெஸ்.

காலி செய்ய இன்னும் பத்து நாள் கெடு இருந்தது. அதற்குள் ஆட்களோடு வந்துவிட்டார். உலையில் அரிசி வெந்துகொண்டிருந்தது. கஞ்சியும் சோறுமாகச் சாக்கடையில் கவிழ்த்தார்கள். ஆட்டுக்கல்லைப் புரட்டித் தள்ளினார்கள். குழவி வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது.

அதை அர்த்தநாரிதான் செருப்புக் காலால் உதைத்தார். உருண்டுபோய் வேப்பமரத்தடியில் நின்றது.

பாவாயி கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் சிரித்தார்.

மறுநாள் விடிந்ததும் வந்தாள். குழவியை நிமிர்த்தி வைத்தாள். மஞ்சள் பூசினாள். உச்சியில் கைப்பிடிக் கட்டை செருகும் குழியைச் சந்தனம் வைத்து அடைத்தாள். அதன்மேல் குங்குமம்.

பக்தி ஒன்றும் இல்லை. வயிற்றெரிச்சல்.

அந்த வாரமே ஒரு மாணவி ஊதுபத்தி கொளுத்தினாள். கணக்கில் நான்கு அரியர். ரிசல்ட் வந்தபோது நான்கிலும் பாஸ்.

அவ்வளவுதான். அடுத்த பரீட்சைக்கு ஹால் டிக்கெட்டைச் சாமி காலடியில் வைத்து எடுக்க வரிசை நின்றது. யாரோ தகரக் கூரை போட்டார்கள். யாரோ மணி கட்டினார்கள். அரியர் பிள்ளையார் என்று பெயரும் விழுந்தது. பேராசிரியர்கள்கூட வண்டியை நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

பாவாயி மாணவியர் விடுதியில் பாத்திரம் கழுவினாள். காலையில் பிள்ளையாருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள்.

மனையில் ஒன்றும் எழும்பவில்லை. அர்த்தநாரியின் தம்பி வழக்குப் போட்டிருந்தார். பலகைகள் மட்டும் மாறின. ஓட்டல் வருகிறது என்றார்கள். வணிக வளாகம் வருகிறது என்றார்கள். வந்ததென்னவோ கருவேல முள்தான்.

போன மாதம் வழக்கு முடிந்தது. இனி பதினான்கு மாடி மாணவர் விடுதி. வரைபடத்தில் அதன் வாசல் சரியாக வேப்பமரத்தின்மேல் விழுந்தது. பிள்ளையாரைப் பின்பக்கம் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம் என்றார் இன்ஜினியர். சாமியிடம் உத்தரவு கேட்க முதலாளியே வருவார், நல்ல நேரம் பார்த்துச் சொல்லுங்கள் என்றும் கேட்டார்.

"வர்ற வியாழக்கிழமை காலைல ஒம்பது மணி. அதவிட நல்ல நேரம் கெடைக்காதுங்க" என்றாள் பாவாயி.

அன்றைக்குப் பத்து மணிக்கு அரியர் பரீட்சை.

அதனால்தான் இப்போது அவருக்குப் பின்னால் இருநூறு பேர் நிற்கிறார்கள். கையில் ஹால் டிக்கெட்.

அர்த்தநாரி குனிந்தார். அவர் முகம் பிள்ளையாருக்கு நேரே வந்ததும் பாவாயி மாலையை விலக்கினாள்.

அன்று அவள் சந்தனம் வைக்கவில்லை.

குழி தெரிந்தது. உள்ளே உளுத்த கட்டையின் துண்டும் தெரிந்தது.

இது குழவி என்று அவர் ஒரு சத்தம் போட்டால் போதும். சாயங்காலத்துக்குள் ஜேசிபி வந்துவிடும். பத்தொன்பது வருடமும் பாழ். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் எதைக் கும்பிடுகிறோம் என்று தெரியாமல் அவர் கும்பிட்டு அவளுக்கு என்ன பிரயோசனம்?

அவர் குழியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இந்தத் தடவை நன்றாகவே பார்த்தார்.

முகத்தில் ஈயாடவில்லை. வாய் திறந்தது.

"சார், சீக்கிரம் கும்புடுங்க சார், நேரமாச்சு!" பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

திரும்பினார். இருநூறு முகங்கள். அவருடைய பதினான்கு மாடியில் நாளைக்கு அறை எடுக்க வேண்டிய முகங்கள்.

வாய் மூடியது. கை குவிந்தது.

"என்ன வேணும் உனக்கு?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

பாவாயி மாலையைச் சரிசெய்தாள்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. சாமிக்கு எடம் மாற இஷ்டமில்ல. நீங்க பரீச்சைக்குப் பரீச்சை ஒருக்கா வந்து கும்புட்டுட்டுப் போங்க. அது போதும்."

விடுதியின் வாசல் கிழக்குப் பக்கம் போனது. இரும்பும் சிமெண்டும் வந்து இறங்கின. மூன்று மாடி எழும்பியும்விட்டது. எழும்பட்டும். அவளுக்கென்ன?

கார்த்திகைப் பரீட்சைக்கு அர்த்தநாரி வந்தார். கூடவே அவர் மனைவி, நூற்றெட்டுத் தேங்காயோடு. அந்த அம்மாளுக்குப் பிள்ளையார்மேல் அப்படியொரு நம்பிக்கை. வழக்கு ஜெயித்ததே இந்தச் சாமியால்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

புருஷன் வாயைத் திறந்து என்னவென்று சொல்வார்? பேருக்குக் கையைக் குவித்தார்.

"என்னங்க, இப்படியா கும்புடறது? நல்லா விழுந்து கும்புடுங்க" என்றார் அந்த அம்மாள்.

அவர் பாவாயியைப் பார்த்தார். பாவாயி மணியடிக்கத் தொடங்கியிருந்தாள்.

வேட்டியை ஒதுக்கிக்கொண்டு மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

மணி ஓயும்வரை எழுந்திருக்கக் கூடாது என்பது அந்தக் கோயில் வழக்கம்.

அந்த வழக்கம் அன்றைக்குத்தான் ஆரம்பமானது.