தோளில் ஒரு கை

தலைமை எழுத்தர் அக்கா சாப்பாட்டு டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, துணை தேடும் செயலியில் தான் போட்ட விவரத்தைக் காட்டினாள்.

"வயசு நாற்பத்தஞ்சா? அடுத்த மாசம் ரிட்டயர் ஆகப்போறீங்களே!" என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

"அதான். அப்புறம் சாப்பிடும்போது யாரோட வம்பளக்கிறது?"

"போட்டோல வலது கையையே காணோம்?"

"பக்கத்துல நின்ன ஆளை வெட்டினேன், கையும் சேர்ந்து போச்சு. நான் லட்சணமா விழுந்தது அந்த ஒரு போட்டோலதான்."

"யாராவது மாட்டினாங்களா?"

அக்கா ஒரு படத்தைக் காட்டினாள். கருகருவென்று மீசை. வயது நாற்பத்தெட்டாம்.

"இதுவும் அரதப் பழசு! தோள்ல வளையல் போட்ட கை வேற. பொண்டாட்டியை வெட்டினவன் கையை மறந்துட்டான். இந்த ஆள் வேண்டாம்க்கா."

அதற்குள் அவரிடமிருந்தே செய்தி வந்தது. பக்கத்து மேஜைக்காரி உரக்கப் படித்தாள்.

"விவாகரத்துல எல்லாத்தையும் சரிபாதியாப் பிரிச்சோம். உன் கை மட்டும் என் பக்கம் வந்துடுச்சு. இன்னும் தோள்லதான் இருக்கு. நேர்ல வந்து எடுத்துக்கறியா?"

அக்கா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா, தலைக்கு டையாவது அடிச்சுட்டுப் போங்க!"

"எதுக்குடி? என் நிஜ வயசு தெரிஞ்ச ஒரே ஆம்பளை அந்த ஆள்தான்."