வெறுமனே சுழலும் லேத்

சந்தாபுரா பட்டறையில், இராஜமாணிக்கத்தின் அப்பா வாங்கிய முதல் லேத் வேலையில்லாமல் சுழல்கிறது. அதன் சுழலும் முகப்பில் இட்ட குங்குமப் பொட்டு, சுற்றும் வேகத்தில் சிவப்பு வளையமாய்த் தெரிகிறது. பொழுது சாயுமுன் அதை நிறுத்துவது குடும்பத்துக்கு ஆகாது என்பது வீட்டு நம்பிக்கை. ஆர்டர் தரும் கம்பெனியிலிருந்து மின்செலவைச் சோதிக்க வந்த மமதா மீட்டரைப் பார்க்கிறாள். "சும்மாவே கரண்ட் குடிக்குது சார். நிறுத்தலேன்னா ஆர்டர் வேற பட்டறைக்குப் போயிடும்." "அது எங்க வீட்டு விளக்கும்மா," என்கிறார் இராஜமாணிக்கம், முதுகு வளையாமல். "விளக்குக்கு யாராவது த்ரீ ஃபேஸ் கரண்ட் குடுப்பாங்களாப்பா?" என்றபடி மகன் பாலகுமார் சுவிட்சில் கை வைக்கிறான். 'எடுடா கையை' என்று சொல்ல அவர் வாய் திறக்கிறார். அந்த ஆர்டரை நம்பி வாழும் ஆட்கள் எல்லோரும் அவரையே பார்க்கிறார்கள். அவர் சுவிட்சிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்; பாலகுமார் அணைக்கிறான். இரைச்சல் தணியத் தணிய, சிவப்பு வளையம் மறுபடி பொட்டாகி, அடிப்பக்கம் வந்து நிற்கிறது.