கொசுறு

மனைவி அம்புஜத்தின் முதுகுத்தோலுக்கு ஆறாயிரம் ரூபாய் என்று பேசி முடித்தார் திருமலைசாமி. போத்தனூர் சூசைமேரி எட்டாயிரம் சொன்ன பழைய காற்று மெத்தை அது. அவள் கணவர் நான்கு வருஷம் அதில் கிடந்து, ஒரு புண்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்தார். அம்புஜத்துக்கோ இடுப்புக்குக் கீழே அசைவில்லை. படுக்கைப்புண் எலும்பைத் தொட்டிருந்தது.

“கொசுறு ஒண்ணும் இல்லீங்களா?” வியாபாரி வாய் சும்மா இருக்குமா?

“ரெண்டு மணிக்கொருக்கா அவரைத் திருப்பிப் போட்ட கை இருக்குது. எடுத்துக்கறீங்களா?”

“கட்டிக் குடுங்க அம்மணி.” இருவரும் சிரித்தார்கள்.

கீழே கடையில் ஆள் நின்றால், அவளைத் திருப்பிப் போட மாடியேற அவருக்கு நேரம் தப்பும். ஆனால் போகும்போதெல்லாம் அம்புஜம் பக்கம் மாறிப் படுத்திருந்தாள், முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்திருந்தது. வீட்டில் வேறு ஆள் கிடையாது.

“உங்க கை எப்பங்க இத்தன மெத்துனு ஆச்சு?” என்றாள் ஒருநாள்.

ஆடியில் புண் மூடியது. ஆப்பிள் வாங்கிக்கொண்டு போத்தனூர் போனார். சூசைமேரி பாதியாக இளைத்து, தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“வெறும் ஊட்டுல சும்மா உக்காந்திருக்கேன், கை இந்த வலி வலிக்குதுங்க.” கடிகாரத்தைப் பார்த்தாள். “அம்மணிக்கு இப்ப இடது பக்கந்தானுங்களே?”

கையைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்ல வாயெடுத்தார். அம்புஜத்தின் முதுகு நினைவுக்கு வந்தது.

“ஆமாங்க, இடதுதான்” என்றார்.

மெத்தைக் கணக்கு அன்றே பைசல். கொசுறு மட்டும் பாக்கி நிற்கிறது.