அடுத்த அறைக்குக் கேட்க வேண்டும்

“இன்னும் சத்தமா இருக்கணும்” என்றார் அவர்.

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “சார், வீட்டுல திட்டு தாங்க முடியலேன்னு எல்லாரும் சத்தமில்லாத கீபோர்டு கேட்டு வருவாங்க. நீங்க என்ன, தலைகீழா கேக்கறீங்க?”

மேசைமேல் கையகலப் பலகை ஒன்று கிடந்தது. அதில் சில கீகள்; ஒவ்வொன்றின் அடியிலும் ஒவ்வொரு நிறத்தில் ஒவ்வொரு வகை சுவிட்ச். அவர் சிவப்பை அழுத்தினார். விரல் தடையில்லாமல் இறங்கி, அதேபோல மேலே வந்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை அழுத்தினார். விரலை எடுக்க மனம் வரவில்லை.

“அதான் சார் உங்களுக்கு. என்ன வேலை பாக்கறீங்க?”

“கணக்கு வேலை. வீட்லேருந்தே.”

“அப்போ யோசிக்கவே வேணாம். நாள் முழுக்க அடிச்சாலும் விரல் வலிக்காது.”

“விரலை விடுங்க. சத்தம் பத்தாது.”

அடுத்தது பழுப்பு. பாதி வழியில் ஒரு சின்ன முட்டு, செருப்புக்கடியில் கல் அகப்பட்டதுபோல. சத்தம் மந்தமாக இருந்தது. மூடிய பெட்டிக்குள்ளிருந்து யாரோ தட்டுகிற மாதிரி. உதட்டைப் பிதுக்கிவிட்டு நீலத்துக்குப் போனார்.

அது ‘டிக்’ என்றது. பேனாவின் பொத்தானை அழுத்தும்போது வருகிற அதே டிக், ஆனால் அதைவிடக் கூர்மை. விரலுக்கு அது பிடிக்கவில்லை. காதுக்குப் பிடித்தது.

“இந்த சுவிட்ச்ல முழு கீபோர்டு இருக்கா?”

“இருக்கு. ஆனா இப்பவே சொல்லிடறேன். ஒருத்தர் வாங்கிட்டுப் போனார். மறுநாள் அவர் சம்சாரமே அதைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. அவரை விட்டுட்டு என்னைப் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க.”

அவர் சிரித்தார். “நீங்க கதவைச் சாத்திட்டு உள்ளேருந்து அடிங்க. நான் வெளியே நின்னு கேக்கறேன்.”

“என்ன அடிக்கட்டும்?”

“என்ன வேணா அடிங்க.”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். ஒரு பேருந்து கடந்து போகும்வரை காத்திருந்தார். அதன் பிறகு கேட்டது. சன்னமாக, ஆனால் ஒவ்வொரு கீயும் தனித்தனியாக. அவர் தலையசைத்தார்.

உள்ளே வந்ததும் கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். “தப்பா நினைக்காதீங்க. யாருக்கு சார் கேக்கணும்?”

“என் வீட்டுக்காரிக்கு. பொண்ணு வேலை கிடைச்சு வெளியூர் போயிட்டா. இப்ப வீட்ல நாங்க ரெண்டே பேர். நான் அடிக்கற சத்தம் கேட்டுட்டே இருந்தாத்தான் அவளுக்கு நிம்மதி. பழசு நல்லாக் கேக்கும். அது ஆபீஸோடது, திருப்பிக் குடுத்துட்டேன்.”

கடைக்காரர் அதற்குமேல் கேலி பேசவில்லை. பெட்டியைத் துணியால் துடைத்துக் கொடுத்தார். “மேசை மரம்னா அடியில துணி கிணி போடாதீங்க. சத்தம் எடுப்பா இருக்கும்.”

மறுநாள் காலை குளித்து, சட்டை மாற்றி, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். அடிக்கத் தொடங்கியதுமே வெளியே தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தது. கேட்டுவிட்டது. பாரம் இறங்கியதுபோல் தோள் தளர்ந்தது.

மனைவி பாத்திரங்களை ஓசைப்படாமல் கழுவினாள். பக்கத்து வீட்டுக்காரி வந்தபோது வாசலோடு பேசி அனுப்பினாள். மகள் கூப்பிட்டபோது, “அப்பா வேலையா இருக்கார்டி, அவர்கிட்ட அப்புறமாப் பேசு” என்றாள். மகள் என்ன சொன்னாளோ, இவள் திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

என்ன சிரிப்பு என்று எழுந்து போய்க் கேட்கலாம். அவர் எழவில்லை. விரல்கள் வலித்தன, அடித்துக்கொண்டே இருந்தார். கையை நிறுத்தினால் வீடு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பதுபோல் ஓர் அமைதி வந்தது.

சாயங்காலம் வெளியே வந்தார். “ரொம்ப வேலையோ?” என்றாள்.

“ம்.”

அவ்வளவுதான் பேச்சு. சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தார்கள்.

மூன்றாம் நாள் மதியம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. வேலை நேரத்தில் அவள் தட்டியதே இல்லை. அவர் எழுந்து கதவை ஒருக்களித்துத் திறந்தார்.

“ஏங்க, இந்தப் புது கீபோர்டு...”

“ஏன், தொல்லையா இருக்கா?”

“தொல்லை இல்ல. முன்னெல்லாம் நாலு எழுத்து அடிப்பீங்க, நிறுத்துவீங்க. ‘இவனுக்கெல்லாம் எவன்டா வேலை குடுத்தான்’னு மேனேஜரைத் திட்டுவீங்க. அழிச்சிட்டு மறுபடி அடிப்பீங்க. உள்ளே என்ன நடக்குதுன்னு எனக்கு வெளியேருந்தே தெரியும்.”

“இப்ப என்ன?”

“மூணு நாளா மழை மாதிரி விடாமக் கொட்டுது. ஒரு தடவைகூட நீங்க நிறுத்தி யோசிக்கல.”

“வேலை அதிகம்” என்றார் அவர், கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு.

அவள் கதவைத் தள்ளவில்லை. உள்ளே எட்டிப் பார்க்கவும் இல்லை. இடுக்கு வழியாகக் கையை நீட்டி, சிவந்துபோயிருந்த அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

“வேலைதானே, போனாப் போகுது. வெளியே வாங்க.”