பன்னீர்ச்செம்பு

"திறந்து பாத்தாத்தான் சொல்ல முடியும், பாய்" என்றார் பரணிதரன்.

அருங்காட்சியகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இதற்காகவே தஞ்சாவூரிலிருந்து பாபநாசத்தில் சலாஹுதீன் வீட்டுக்கு வந்திருந்தார். எதிரே மேசையில், பருத்த வயிறும் நீண்ட கழுத்துமாக, வெள்ளிப் பன்னீர்ச்செம்பு.

சரபோஜி மன்னர் கொடுத்தது என்பது சலாஹுதீன் குடும்பத்துப் பேச்சு. அரண்மனைக்கு அத்தர் விற்கப் போன முப்பாட்டனாருக்கு மன்னர் தன் கையாலேயே கொடுத்தாராம். ஆதாரம் ஒன்றும் கிடையாது. சொந்தக்காரர்களே சிரிப்பார்கள்.

பஹ்ரைனில் கடை வைத்திருந்த காலமெல்லாம் சலாஹுதீனுக்கு ஒரே எண்ணம். ஊரோடு வந்ததும் விஷயம் தெரிந்தவரிடம் காட்டிக் கேட்டுவிட வேண்டும்.

பரணிதரன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். வேலைப்பாடு நல்ல பழசு என்றார். சலாஹுதீனின் முகம் மலர்ந்தது.

உள்பக்கம் முத்திரை ஏதாவது இருந்தால் அரண்மனைச் சாமானா என்று சொல்லிவிடலாம். ஆனால் செம்பின் தலையிலிருந்த துளைகளையும் கழுத்துத் திருகையும் மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள். பரணிதரன் ஆட்டிப் பார்த்தார். அடியில் ஏதோ தளும்பியது.

"பழைய பன்னீர் கெடக்கு போல. கொட்டிட்டுக் கழுவிக் குடுங்க."

சலாஹுதீன் திரும்பி மனைவியைப் பார்த்தார். கதவை ஒட்டி நின்ற ஷம்சாத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"தெறங்க. உங்களுக்கு எவ்வளவு நாள் ஆசை."

சலாஹுதீன் செம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மெழுகில் நகத்தை வைத்தார். ஒரு துணுக்கு பெயர்ந்து தரையில் விழுந்தது.

கையை எடுத்துவிட்டார்.

"வேணாம் சார். இப்படியே இருக்கட்டும்."

பரணிதரனுக்குச் சலிப்பாக இருந்தது. இப்படி எத்தனையோ வீடுகளைப் பார்த்துவிட்டார். ராஜாவும் இல்லை, ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிடுமோ என்ற பயம்.

"ராஜா குடுக்கலைன்னாலும் வெள்ளி வெள்ளிதான், பாய்" என்று வாசலில் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். சலாஹுதீன் தலையை ஆட்டினார்.

உள்ளே வந்தபோது ஷம்சாத் மெழுகுவத்தியைக் கொளுத்தி வைத்திருந்தாள். அவள் செம்பைப் பிடித்துக்கொள்ள, அவர் பெயர்ந்த இடத்தில் ஒவ்வொரு சொட்டாக விட்டார்.

மகள் தஹ்மீனாவின் நிக்காஹ் அன்று காலையில், மகன் சுஹைப் ஊற்றிய பன்னீர் அது. வந்தவர்கள் மேலெல்லாம் சிரித்துச் சிரித்துத் தெளித்தவனும் அவன்தான். சாயங்காலம் மாமாவை ரயிலேற்றிவிட்டு பைக்கில் திரும்பும்போது லாரி மோதிவிட்டது.

மறுநாள் அவன் உடலைச் சுற்றும் கபன் துணியில் தெளிக்கப் பன்னீர் கேட்டார்கள்.

சலாஹுதீன் இந்தச் செம்பை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, கடையில் வாங்கி வரச் சொன்னார்.